ஹிப்-ஹாப் பாடற்காட்சியில் களமும் உடையும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்திற்குரிய உணவு, தொழில், பறை முதலியன கருப்பொருள் என்றும் வகுத்துரைத்தவர் தொல்காப்பியர். தாமே எழுதிய ஹிப்-ஹாப் பாடலைப் படமாக்கப் புறப்படும் இன்றைய கல்லூரி மாணவர்க்கும் இப்பகுப்பே முதற்பாடம் எனக் கூறின் சிலர் நகைக்கக்கூடும். அவ்விசையின் வரலாற்றை நோக்குமிடத்து நம் கூற்று மிகையன்று என்பது புலனாகும்.

நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று நிகழ்ந்த இசை விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறப்பாகக் கொள்வர். இசைத்தட்டுகளை இயக்கியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவர்தம் தங்கை சின்டி. நோக்கம் யாதெனில், பள்ளி திறக்குமுன் தமக்குப் புத்தாடை வாங்க நுழைவுக் கட்டணம் திரட்டுவது! ஒரு மாணவியின் உடைத் தேவையும், குடியிருப்போர் கூடும் எளிய கூடமுமே இக்கலைக்குத் தொட்டிலாயின.

பின்னர் வந்த காட்சிகளும் இவ்வழியிலேயே சென்றன. நகர வாழ்வின் சிதைவைப் பாடிய 'தி மெசேஜ்' 1982இல் வெளிவந்தபோது, அதன் காட்சி நியூயார்க் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. 1989இல் 'ஃபைட் தி பவர்' பாடலுக்காக இயக்குநர் ஸ்பைக் லீ புரூக்ளின் வீதியில் மக்கள் ஊர்வலத்தையே களமாக்கினார். உடையில் திருப்பம் உண்டாக்கியவர்கள் ரன்-டிஎம்சி குழுவினர். மேடைக்கெனத் தைத்த மினுக்காடைகளை விடுத்து, தம் தெரு இளைஞர் அணிந்த தொப்பி, தோற்சட்டை, நாடா கட்டாத அடிடாஸ் காலணி ஆகியவற்றோடு அவர்கள் தோன்றினர். 1986இல் அக்காலணியைப் பற்றியே ஒரு பாடலும் பாடினர்.

அவர்கள் தம் தெருவின் உடையை அணிந்தனர். நம் மாணவரோ அவர்களுடைய தெருவின் உடையை அணிகின்றனர். சித்திரை வெயிலில் தடித்த ஹூடியும் போலித் தங்கச் சங்கிலியும் பூண்டு வியர்த்து நிற்பதைக் காணுங்கால் இரக்கமே பிறக்கிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டையே மழையும் ஆறும் வயலும் பொலியும் தமிழ் நிலமாகத் தீட்டிக் காட்டினார். தொலைவிலிருந்து வந்ததைத் தம் மண்ணில் ஊன்றும் அத்துணிவை இளைஞர்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வளைகுடாவில் உழைக்கும் தந்தையைப் பற்றி மாணவனொருவன் பாட்டெழுதியுள்ளான் எனக் கொள்வோம். அவனுக்கு வானளாவிய கட்டடங்களின் பின்னணி எதற்கு? பணம் வரும்போதெல்லாம் சிறிது வளர்ந்து, கம்பி நீட்டி நிற்கும் அவன் வீட்டு மாடியே களம். பொழுது, தந்தையின் தொலைபேசி அழைப்பு வரும் இரவு. உடை, அவர் அனுப்பிய, தோளில் சற்றே தளர்ந்த சட்டையும் வீட்டில் உடுத்தும் கைலியும். மகனின் அளவு தந்தைக்கு மறந்துபோனதை அத்தளர்ந்த தோள் சொல்லிவிடும். இதற்கு ஆகும் செலவும் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஹிப்-ஹாப் என்றாலே ஆடைக்குறைப்பும் இழிசொல்லும் எனப் பெரியோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. அத்தகைய காட்சிகள் ஏராளம். ஆயினும் 1989இல் 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாடிய குயீன் லத்தீஃபா, உடலைக் காட்சிப்பொருளாக்காமல் கம்பீரமாகவே தோன்றினார். கண்ணியம் இக்கலைக்கு அயலானதன்று. அதேபோல் பள்ளிவாசல் வளாகத்தையோ அடக்கத்தலத்தையோ ஜமாஅத்தாரின் இசைவின்றிப் பின்னணியாக்குவதும், தொழுகைத் தொப்பியை வேடப்பொருளாக்குவதும் தகா.

இனி நடைமுறை. நான்கு நிமிடப் பாடலுக்கு இரண்டு அல்லது மூன்று களங்கள் போதும். மிகுந்தால் பயணத்திலேயே பொழுது கழியும். தனியார் இடமாயின் உரிமையாளரிடமும், தெருவாயின் காவல் நிலையத்திலும், ரயில் நிலையம், தொல்லியல் சின்னம் போன்றவையாயின் உரிய துறையிடமும் முன்னரே அனுமதி பெறுக. நெருங்கிய கோடுகளுள்ள துணி கேமராவில் அலையடிக்கும். வெண்துணி வெயிலில் கண் கூசும். ஒவ்வொருவர் உடையையும் முதல் நாளே நிழற்படம் எடுத்து வைத்தால், மறுநாள் சட்டைக்கை மடிப்பு மாறாது. உச்சிவெயில் கண்குழியில் நிழல் வீழ்த்துமாதலால் காலையும் மாலையுமே ஏற்றவை. மாலைப் பொன்னொளி சிறிது நேரமே நிற்கும். மஃரிப் பாங்கிற்குமுன் முடிக்க வேண்டிய காட்சிகள் எவையென முந்தைய இரவே தாளில் எழுதிக்கொள்க.