நாயோட ஊருக்குப் போறீங்களா?

கோடை லீவு விட்டாலே எங்கள் வீட்டில் ஒரு பிரச்னை கிளம்பும். ‘மணியை என்ன செய்வது?’ மணி எங்கள் வீட்டு நாய். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், தெருவோரம் நடுங்கிக் கொண்டிருந்த குட்டியை என் மகள் பாவாடையில் சுற்றித் தூக்கி வந்தாள். ரேஷன் கார்டில் பெயர் இல்லையே தவிர, இப்போது அவனும் எங்கள் குடும்பத்தில் ஒருவன்.

நாங்கள் இருப்பது கோரிமேட்டில். என் பிறந்த வீடு செஞ்சி பக்கம் ஒரு கிராமம். ஒரு வருஷம் மணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போனோம். அவர்கள் நல்லபடியாகத்தான் பார்த்துக் கொண்டார்கள். ஆனால் இவன் மூன்று நாளும் சோற்றைத் தொடாமல் கேட்டையே பார்த்துக் கொண்டு படுத்துக் கிடந்தானாம். “இனிமே மணி வரலேன்னா நானும் வரலே” என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால் அடுத்த மே மாதம் அவனையும் கூட்டிக் கொண்டே போவது என்று முடிவானது.

பஸ்ஸில் நாயோடு போவது நடக்கிற காரியமா? வாடகைக் கார்தான் வைத்தோம். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே, குருமாம்பேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போய் வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து எல்லாம் முடித்தேன். காலை ஐந்து மணிக்கே புறப்பட்டு, திண்டிவனம் வழியாக வெயில் ஏறும் முன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம். ‘எல்லாம் கச்சிதமாகச் செய்துவிட்டோம்’ என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் மத்தியானம், மணி சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, அண்ணன் மகன், ஆறு வயசுப் பிள்ளை, விளையாட்டாகத் தட்டை இழுத்துவிட்டான். மணி சட்டென்று திரும்பியதில் பல் பட்டு, பிள்ளையின் கையில் தோல் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. ஆனாலும் வீடே அலறியது. பெரியம்மா மிளகாய்த்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். “சுண்ணாம்பு வை, விஷம் இறங்கிடும்” என்றார் இன்னொருவர்.

நான் யாரையும் கிட்டே விடவில்லை. பிள்ளையைத் தூக்கிப் போய்க் குழாயடியில் நிறுத்தி, சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். அண்ணி அழுதுகொண்டே, “லீவுக்கு வந்த எடத்துல எம் புள்ளைய நாய்க்கிட்ட காட்டிட்டியே” என்றார். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அண்ணன் வண்டியை எடுக்க, செஞ்சி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டை கோரிமேட்டு வீட்டு பீரோவில்! பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்ததால், அவர் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். மானம் தப்பியது.

அட்டை இருந்தாலும் பிள்ளைக்கு உடனே தடுப்பூசி போட்டார்கள். 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் மறுபடி வரச் சொன்னார்கள். “இந்த நோய் ஒரு தடவை வெளியே தெரிஞ்சிட்டா காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால யோசிச்சிட்டு நிக்கக் கூடாது. நாயைப் பத்து நாள் கண்ணுல வச்சுப் பாருங்க” என்றார். நாய்க்கு நோய் இருந்தால், அது வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்துதான் எச்சிலில் கிருமி வருமாம். கடித்த பிறகு பத்து நாள் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். ‘நாயைக் கூட்டிட்டுப் போய்ட்டா, அது நல்லாத்தான் இருக்குன்னு நான் எப்படி நம்புறது?’ என்று அண்ணி வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் முகம் கேட்டது. கணவரையும் மகளையும் அனுப்பிவிட்டு, நானும் மணியும் தங்கிவிட்டோம். மாட்டுக் கொட்டகை ஓரம் அவனைக் கட்டி வைத்தேன். தினமும் காலையில் அண்ணி வாசலில் நின்று, “சாப்பிட்டானா? தண்ணி குடிச்சானா?” என்று கேட்பார். வேறு பேச்சு கிடையாது. ஏழாம் நாள் அவரே ஒரு கிண்ணம் தயிர்சோறு கொண்டு வந்து தள்ளி வைத்தார். பத்தாம் நாள் மணி வாலை ஆட்டிக் கொண்டு நின்றான். அண்ணி என் கையைப் பிடித்துக் கொண்டு அழுதுவிட்டார். 28-ஆம் நாள் ஊசியையும் டாக்டர் சொன்னபடி அண்ணன் போட்டுக் கூட்டி வந்தார்.

வெறிநாய்க்கடிக்கு முதன் முதலில் தடுப்பூசி போட்டவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர். 1885-இல் ஒன்பது வயசுச் சிறுவனுக்குப் போட்டார். நம் குன்னூரில் அவர் பெயரில் 1907-இலேயே நிறுவனம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் நாம் மிளகாய்த்தூளைத் தேடுகிறோமே!

நாயோடு ஊருக்குப் போகும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்து கொண்டவை:

* தடுப்பூசி அட்டையைப் பணப்பையிலேயே வையுங்கள். போனிலும் போட்டோ இருக்கட்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம்.

* ரயில் என்றால், ஸ்லீப்பரிலோ இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலோ நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பில் அறை முழுவதையும் நீங்களே எடுத்தால் கூட வைத்துக் கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. பார்சல் ஆபீசில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

* கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். நிறைய வயிற்றோடு வண்டியில் ஏற்றினால் வாந்திதான்.

* டீ குடிக்க இறங்கும்போது காரில் பூட்டி வைக்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக் கொள்ளும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

* கிராமத்தில் அவிழ்த்து விடாதீர்கள். வயலில் எலி மருந்து வைத்திருப்பார்கள். ஊர் நாய்களும் சும்மா விடாது.

* விருந்து வீட்டில் பாயசத்துத் திராட்சை, வெங்காயம், சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் வேண்டாம்.

* எல்லாவற்றுக்கும் மேலே, நாய் சாப்பிடும்போது பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அன்றைக்குத் தப்பு பிள்ளை மேலும் இல்லை, நாய் மேலும் இல்லை. பக்கத்தில் நிற்காமல் பேச்சு சுவாரஸ்யத்தில் உட்கார்ந்திருந்த என் மேல்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்த செய்தி வந்த அன்று அண்ணி போன் செய்தார். “பொங்கலுக்கு வா, எல்லாரும் சேர்ந்து கோட்டைக்குப் போகலாம்” என்றார். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, “மணியையும் கூட்டிட்டு வா. அட்டையை மட்டும் மறந்துடாதே!” என்றார்.

— ஒரு வாசகி, கோரிமேடு, புதுச்சேரி.