ஆறுமணிக்குருவிக்கு ஓர் இடம்

படைத்தவரின் கைவண்ணத்தை எடுத்துரைக்கும் பறவைகளுள் ஆறுமணிக்குருவியும் ஒன்று. வைகறையிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு ஈரொலிச் சீழ்க்கை எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. மூவேளைச் செபத்திற்கு ஆலய மணி ஒலிக்கும் அதே பொழுதுகளில் புதரடியிலிருந்து இதன் குரலும் எழுவது எத்துணைப் பொருத்தம்!

மைனாவினும் சிறியது இப்பறவை. முதுகு பச்சை, தோளில் ஒளிரும் நீலம், தொண்டை வெண்மை, மார்பு இளம்பழுப்பு, அடிவயிறு செந்நிறம், கண்ணையொட்டிக் கரும்பட்டை. வடநாட்டார் இதனை 'நவரங்', அதாவது ஒன்பது வண்ணம் என்றழைப்பர்.

இத்துணை அழகிருந்தும் இது புதர் நிழலிலேயே ஒதுங்கி வாழ்கிறது. தரையில் கிடக்கும் சருகுகளைப் புரட்டி இரை தேடும். தோட்டக்கள்ளன் என்ற பெயரும் இதற்கு உண்டு. இக்கள்ளன் கவர்ந்து செல்வதோ பூச்சி புழுக்களையே!

தென்மேற்குப் பருவமழையின்போது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் உருண்டைக் கூடு கட்டி, நான்கைந்து முட்டைகளிடும். மழைக்காலம் முடிந்ததும், இரவில் பறந்து தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வந்து சேரும். பயணத்தில் களைத்து வீடுகளுக்குள் விழுவதும் உண்டு. அதனைக் கூண்டிலடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில், இருளும் அமைதியுமான இடத்தில் இளைப்பாற வைத்து, தெளிந்தபின் புதரருகே விடுவிப்பதே முறை. காயமுற்றிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆலய வளாகத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் வீட்டுக் கொல்லையையும் தூய்மை செய்வதாக எண்ணிப் புதர்களை வெட்டுகிறோம், சருகுகளைக் கொளுத்துகிறோம், எஞ்சிய மண்ணையும் சிமெந்துத் தளத்தால் மூடுகிறோம். நமக்குக் குப்பையாகத் தோன்றுவதே இப்பறவையின் உணவுப் பந்தி. விருந்தினருக்கு இலை விரிப்பது நம் பண்பு. நெடுந்தொலைவு கடந்து வரும் இவ்விருந்தினருக்கோ, உதிர்ந்த இலைகளை அகற்றாதிருந்தாலே போதும்!

பறவைகளைச் சகோதரர்களாகப் போற்றிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசை, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் திருநாளாகிய அக்டோபர் 4, ஆறுமணிக்குருவி தென்னாடு நோக்கி வரும் பருவத்திலேயே அமைகிறது. அந்நாளில் ஒவ்வொரு பங்கிலும் ஒரு மூலையையேனும், வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு புதரையேனும், வெட்டாமலும் கொளுத்தாமலும் விட்டுவைப்போமாக. நம் பிள்ளைகளும் மணியோசையோடு அக்குருவியின் குரலையும் கேட்டு வளரட்டும்.