சந்திரபாபு (நடிகர்)

ஜே. பி. சந்திரபாபு (ஆகஸ்ட் 1927 – மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகரும் பாடகரும் ஆவார். திரைக்கதை எழுதுதல், இயக்கம் ஆகிய துறைகளிலும் ஈடுபட்டார். தூத்துக்குடியில் பிறந்த இவர், 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் தமிழ்த் திரையுலகின் முன்னணி நகைச்சுவை நடிகராக விளங்கினார். தமது பாடல்களைத் தாமே பாடி, மேற்கத்திய பாணி நடனத்துடன் நடித்தது இவரது தனித்தன்மையாகும்.

பிறப்பும் பெயரும்

சந்திரபாபு, தூத்துக்குடியின் கத்தோலிக்கப் பரதவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். முத்துக்குளித்துறை என வழங்கப்படும் இக்கடற்கரையின் பரதவர்கள் முத்துக்குளிப்பையும் மீன்பிடியையும் தொழிலாகக் கொண்டவர்கள். இவர்கள் 1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். ஆகவே இச்சமூகத்தினரிடையே பெர்னாண்டோ, ரோட்ரிகோ, ரோட்ரிக்ஸ் முதலிய போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. சந்திரபாபுவின் குடும்பப் பெயரும் ரோட்ரிக்ஸ் ஆகும்.

இவரது இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் என்பதாகும். தூத்துக்குடிப் பரதவர்களின் காவல் அன்னையாகப் போற்றப்படும் பனிமய மாதாவின் பெயரால் இப்பெயர் சூட்டப்பட்டது. மாதா பேராலயத்தின் ஆண்டுத் திருவிழா ஆகஸ்ட் 5 அன்று நடைபெறுகின்றது. குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சலிலிருந்து மீண்டதால், இறைவன் இட்ட பிச்சை என்னும் பொருளில் "பிச்சை" என்ற பெயரும் சேர்ந்தது. வீட்டில் "பாபு" என்று அழைத்தனர். பரதவர்கள் தம்மைச் சந்திர குலத்தவர் எனக் கூறிக்கொள்வர். அதனைக் கொண்டு பின்னாளில் தமது பெயரைச் சந்திரபாபு என மாற்றிக்கொண்டார்.

இளமைக்காலம்

இவரது பெற்றோர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள். "சுதந்திர வீரன்" என்னும் இதழை நடத்தினர். அவ்விதழை ஆங்கிலேய அரசு தடை செய்தது. சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற தந்தை, விடுதலையான பின்னர் குடும்பத்துடன் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். வணிகத்தாலும் கப்பல் போக்குவரத்தாலும் தூத்துக்குடியுடன் நெடுங்காலத் தொடர்புடையது கொழும்பு. அங்கு கிராண்ட்பாஸ் பகுதியிலுள்ள புனித யோசேப்பு கல்லூரியில் சந்திரபாபு பயின்றார்.

1943 இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை தினமணி நாளிதழில் பணியில் சேர்ந்தார். சந்திரபாபுவின் நாட்டம் நடிப்பிலும் மேற்கத்திய இசையிலும் இருந்தது.

திரையுலகில் நுழைவு

1947 இல் வெளிவந்த தன அமராவதி இவரது முதல் திரைப்படமாகும். எனினும் தொடர்ந்து வாய்ப்புகள் கிட்டவில்லை. பல ஆண்டுகள் படப்பிடிப்புக் கூடங்களின் வாயில்களில் காத்திருந்து மனமுடைந்த நிலையில், 1952 இல் ஜெமினி படப்பிடிப்பு வளாகத்தில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். தற்கொலை முயற்சி அக்காலச் சட்டப்படி குற்றமாகையால் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் இவர் தீக்குச்சியைக் கொளுத்தித் தமது கையைச் சுட்டுக்கொண்டு, சுடுவதைப் பிறர் காண இயலுமேயன்றி அவ்வலியை உணர இயலாது என்று விளக்கியதாகக் கூறப்படுகின்றது. வழக்கிலிருந்து விடுபட்ட பின், ஜெமினி நிறுவனர் எஸ். எஸ். வாசன் தமது மூன்று பிள்ளைகள் (1952) திரைப்படத்தில் இவருக்கு வாய்ப்பளித்தார்.

நடிப்பு

அக்காலத் தமிழ் நகைச்சுவை பெரும்பாலும் மேடை நாடக மரபைச் சார்ந்து உரையாடலால் நடந்தது. சந்திரபாபு உடலசைவையும் நடனத்தையும் முதன்மையாகக் கொண்டு நகைச்சுவையை அமைத்தார். குலேபகாவலி (1955), மகாதேவி (1957), புதையல் (1957), நாடோடி மன்னன் (1958) முதலிய திரைப்படங்கள் இவருக்குப் புகழ் சேர்த்தன.

பி. ஆர். பந்துலு இயக்கிய சபாஷ் மீனா (1958) திரைப்படத்தில் சிவாஜி கணேசனுடன் இணைந்து இரு வேடங்களில் நடித்தார். அவற்றுள் ஒன்று சென்னைத் தமிழ் பேசும் ரிக்சா இழுப்பவர் வேடமாகும். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்த ஒருவர், சென்னை உழைப்பாளிகளின் பேச்சை இயல்பாகப் பேசி நடித்தமை பெரிதும் பாராட்டப்பட்டது. இத்திரைப்படத்தைப் பந்துலுவே தில் தேரா தீவானா (1962) என்று இந்தியில் மீண்டும் எடுத்தார். அதில் மெகமூத் நடித்தார்.

ஏ. வி. எம். நிறுவனத்தின் சகோதரி (1959) முதலில் நிறைவளிக்காததால், சந்திரபாபு பால்காரராக வரும் நகைச்சுவைப் பகுதி பின்னர் சேர்க்கப்பட்டது. அப்பகுதி படத்தின் வெற்றிக்குப் பெரிதும் உதவியது.

பாடகராக

ஆல்ப்ஸ் மலைப்பகுதி மேய்ப்பர்களிடையே வழங்கிய யோடலிங் என்னும் பாடும் முறையைத் தமிழ்த் திரையிசையில் பரவலாக அறியச் செய்தவர் சந்திரபாபு. இம்முறையில் பாடகர் தமது இயல்பான மார்புக் குரலிலிருந்து உச்சக் குரலுக்கும், அங்கிருந்து மீண்டும் மார்புக் குரலுக்கும் இடைவெளியின்றி மாறி மாறித் தாவுவார். சாதாரணமாகப் பாடகர்கள் மறைக்க முயலும் குரல் முறிவே இங்கு அழகாகின்றது. இந்தித் திரையிசையில் கிஷோர் குமார் இம்முறையைக் கையாண்டு புகழ்பெற்றார்.

பெண் (1954) திரைப்படத்தில் எஸ். பாலச்சந்தருக்காகப் பின்னணி பாடினார். மரகதம் (1959), குமார ராஜா (1961), அன்னை (1962), ஆண்டவன் கட்டளை (1964) ஆகிய படங்களில் இவர் பாடிய பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. அவற்றுள் பல, உலகியல்பையும் மனிதரின் அறியாமையையும் எள்ளலுடன் பேசுபவை. இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் இவரது நெருங்கிய நண்பர்.

சரிவும் இறுதிக்காலமும்

1958 இல் நடைபெற்ற இவரது திருமணம் விரைவில் பிரிவில் முடிந்தது. கவிஞர் கண்ணதாசன் தயாரித்த கவலை இல்லாத மனிதன் (1960) திரைப்படத்தில் கதாநாயகனாக நடித்தார். அப்படம் வெற்றி பெறவில்லை. எம். ஜி. இராமச்சந்திரனைக் கதாநாயகனாகக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்னும் படத்தைத் தாமே இயக்கத் தொடங்கினார். இருவருக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அது இடையில் நின்றது. இதனால் பெரும் கடனுக்கு ஆளாகி, கேசவப்பெருமாள்புரத்தில் ஆசையுடன் கட்டிய தமது வீட்டை இழந்தார்.

தாமே எழுதி இயக்கி நடித்த தட்டுங்கள் திறக்கப்படும் (1966) திரைப்படமும் வணிக வெற்றி பெறவில்லை. அதன் தலைப்பு விவிலியத்தில் வரும் இயேசுவின் வாக்கைத் தழுவியதாகும். பின்னர் எம். ஜி. இராமச்சந்திரனின் அடிமைப் பெண் (1969) திரைப்படத்தில் நடித்தார். மதுப்பழக்கத்தால் உடல்நலம் குன்றி, வறுமையுற்ற நிலையில் 1974 மார்ச் 8 அன்று சென்னையில் காலமானார். அப்போது இவருக்கு வயது 46.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

- தன அமராவதி (1947)
- மூன்று பிள்ளைகள் (1952)
- குலேபகாவலி (1955)
- சபாஷ் மீனா (1958)
- சகோதரி (1959)
- கவலை இல்லாத மனிதன் (1960)
- குமார ராஜா (1961)
- போலீஸ்காரன் மகள் (1962)
- தட்டுங்கள் திறக்கப்படும் (1966), இயக்கமும்
- அடிமைப் பெண் (1969)