ஒரு குவளை அணிச்சல்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை கல்வியின் சிறப்பையோ ஒழுக்கத்தின் மேன்மையையோ பற்றியதாக இருக்கும் என்றே எதிர்பார்ப்பீர்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் சாக்லேட் அணிச்சல். அதுவும் வீட்டிலுள்ள நுண்ணலை அடுப்பில், ஒன்றரை நிமிடத்தில், ஒரே குவளையில் ஆக்கப்படும் அணிச்சல். இதற்குக் காரணம் உண்டு.

முன்னர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று பிறையைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றன. தந்தையும் தாயும் தொழிற்பேட்டையில் வெவ்வேறு முறைவேலைக்குச் செல்கின்றனர். பிற்பகலில் பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளை தானே கதவைத் திறந்து, தானே பசியாற வேண்டியிருக்கிறது. எரிவாயு அடுப்பைத் தொடக்கூடாது என்று கண்டித்துச் செல்லும் தாய், நுண்ணலை அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதில் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை அன்றோ! சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் அவ்வாறு தனித்திருந்தபோது, மைலோ கலக்குவதற்காக அவ்வடுப்பில் நீரைச் சூடாக்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். புண் ஆறிவிட்டது. எனினும் அதன்பின் நடந்த பெற்றோர் கூட்டத்தில், அந்த அடுப்பே வீட்டில் இருக்கலாகாது என்று சிலர் வாதிட்டனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கருவியின் உள்ளே நடப்பது யாதென்று அறிந்த பிள்ளை, அதை அறியாத பிள்ளையைவிடப் பாதுகாப்பாகவே அதைக் கையாளும். ஆதலின் அறிவியல் கழக வேளையில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கைபேசியில் கண்டு ஆசைப்பட்ட அதே அணிச்சலைச் செய்து பார்த்தோம்.

முதலில் செய்முறை. ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் கொள்ளும் பீங்கான் குவளை ஒன்றை எடுத்துக்கொள்க. விளிம்பில் தங்கக்கோடோ வெள்ளிக்கோடோ இருத்தலாகாது, அவையும் உலோகமே. அதனுள் கோதுமை மாவு 4 மேசைக்கரண்டி, சீனி 3 மேசைக்கரண்டி, கொக்கோ மாவு 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை இட்டு, ஈரம் சேர்க்கும் முன்னரே நன்கு கலக்க வேண்டும். பின்னர் பால் 4 மேசைக்கரண்டியும் சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டியும் ஊற்றி, மாவுக்கட்டி மறையும் அளவிற்கு மட்டும் கலக்கினால் போதும். மேலும் மேலும் அடித்தால் கோதுமையிலுள்ள புரதம் இழுபட்டு, அணிச்சல் தோல்போல் ஆகிவிடும். கலவை குவளையின் பாதிக்கு மேல் இருத்தல் கூடாது. 800 வாட் ஆற்றலுள்ள அடுப்பாயின் 70 வினாடி வைத்துப் பார்த்து, மேற்பரப்பு இன்னும் குழம்பாக இருந்தால் பத்துப் பத்து வினாடியாகக் கூட்டலாம். 90 வினாடியைத் தாண்டுவது அரிது. எடுத்த பின் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும்.

முட்டை எங்கே என்று அன்னையர் கேட்பர். ஓர் அணிச்சலுக்கு ஒரு முட்டையாவது வேண்டாமா என்பது அவர்தம் கணக்கு. ஆனால் நான்கு கரண்டி மாவுக்கு முழு முட்டை மிக அதிகம். அது விரைந்து வெந்து இறுகி, ரப்பர்ப் பால் உறைந்தாற்போன்ற ஒன்றைத் தருமேயன்றி அணிச்சலைத் தராது. முன்னாள் பால்மரத் தொழிலாளர்களுக்கு இவ்வுவமை விளங்கும்.

இப்பொருள்களுள் இரண்டு நம் மக்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையவை. ஒன்று சீனி. வெல்லெஸ்லி மாநிலம் என முன்னர் அழைக்கப்பட்ட இந்தச் செபராங் பிறைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த நாடாக இருந்தது. பத்து காவானில் சீனர்கள் பயிரிடத் தொடங்கினர். 1840களுக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை அமைத்தனர். அத்தோட்டங்களில் கரும்பு நடவும் வெட்டவும் ஆலையில் பாகு காய்ச்சவும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர்கள். அந்த ஒப்பந்த முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் கரும்பும் மறைந்து ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. இன்று பிறையிலுள்ள சுத்திகரிப்பு ஆலையில் வெண்மையாக்கப்படும் சீனியோ, கச்சாச் சீனியாகக் கப்பலில் வந்து இறங்குவது. நம் பாட்டனார் வெட்டிய கரும்பின் சுவடு இம்மண்ணில் இல்லை என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

மற்றொன்று கொக்கோ. 1970களிலும் 1980களிலும் பேராக்கில் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ செழித்தது. காயை உடைத்து, வெண்சதையோடு கொட்டைகளை அள்ளிப் பெட்டியிலிட்டு, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, பின் உலர்த்தும் வேலையைச் செய்தவர்கள் நம் பெற்றோர்களுள்ளும் இருக்கலாம். புளிக்கும்போது எழும் காடி நாற்றத்தை முகர்ந்தவர்க்கு, இதிலிருந்தா சாக்லேட் வருகிறது என்று நம்பவே அரிதாயிருக்கும். புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வாராது. 1990 வாக்கில் மலேசியா ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் விளைவித்தது. பிறகு காய்த்துளைப்பான் பூச்சியும் விலைச்சரிவும் சேர்ந்து அப்பயிரை வீழ்த்தின. இன்று நாட்டின் விளைச்சல் மிகச் சிறிது. ஆயினும் வெளிநாட்டுக் கொட்டைகளை இறக்கி அரைக்கும் தொழில் பெரிதாக நடைபெறுகிறது. கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்து மாவாக்கும் முறைக்கு, 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றனர். கடைகளில் அப்பெயர் பொறித்த டப்பாவை மாணவர் பார்த்திருப்பர்.

இனி அடுப்பிற்கு வருவோம். இதன் இதயம் மாக்னெட்ரான் என்னும் குழல். இரண்டாம் உலகப்போரில் பகை விமானங்களைக் கண்டறியும் ரேடார் கருவிக்காக, 1940-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்னும் இருவர் இதன் வலிமைமிக்க வடிவத்தை உருவாக்கினர். அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் அக்குழல்களோடு பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் என்பார், 1945-இல் தம் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கண்டு வியந்து ஆராயத் தொடங்கினார் என்பர். ஸ்பென்சர் தொடக்கப் பள்ளியையும் முடிக்காதவர்; ஆலையில் வேலை செய்துகொண்டே தாமாகப் படித்து உயர்ந்தவர். முதலில் விற்பனைக்கு வந்த அடுப்பு ஆளுயரம் இருந்தது; 340 கிலோ எடை. மேசைமேல் வைக்கத்தக்க அடுப்பு வீடுகளுக்கு வந்தது 1967-இல்.

அக்குழலிலிருந்து புறப்படும் அலை, வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. அது ஒரு வினாடியில் 245 கோடி முறை அதிர்கிறது. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உடையது. அலை திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்ப முயன்று, பக்கத்திலுள்ளவற்றோடு மோதி உராய்கிறது. அந்த அலைக்கழிப்பே வெப்பம். உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலரும் கூறுவது சரியன்று. அலை உணவினுள் சில சென்டிமீட்டர் ஆழமே செல்லும். அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்காததுபோல, உணவில் எக்கதிரும் தங்குவதில்லை. கதவிலுள்ள துளைத் தகட்டையும் உற்று நோக்குக. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். துளையோ ஓரிரு மில்லிமீட்டர். அலை வெளியேறாது. கதவு சரியாகப் பொருந்தாத அடுப்பைப் பயன்படுத்தலாகாது என்பதும் இதனாலேயே.

இந்த 12 சென்டிமீட்டரை மாணவர் தாமே அளந்தனர். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அசையாத தட்டில் சாக்லேட் வில்லைகளை நெருக்கமாகப் பரப்பி, சில வினாடி அடுப்பை இயக்கினோம். சாக்லேட் எல்லா இடத்திலும் உருகவில்லை; திட்டுத்திட்டாகவே உருகியது. ஓர் உருகிய திட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அளவுகோலை வைத்தபோது 6 சென்டிமீட்டர் வந்தது. அஃது அரை அலை. முழு அலை 12. அதனை 245 கோடியால் பெருக்கினால் 2,940 கோடி சென்டிமீட்டர், அதாவது வினாடிக்கு 2,94,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம் 2,99,792 கிலோமீட்டர் என்று நூல்கள் கூறும். ஐம்பது காசு அளவுகோலும் ஒரு பொட்டலம் சாக்லேட்டும் கொண்டு ஒளியின் வேகத்தைத் தொட்டுவிட்ட அந்த வகுப்பில் எழுந்த ஆரவாரம் அடுத்த வகுப்பாசிரியரை வாயிலுக்கு வரவழைத்தது. சுழலும் தட்டு எதற்காக என்று அதன்பின் எவரும் நம்மைக் கேட்கவில்லை.

அணிச்சல் உப்புவதற்குப் பேக்கிங் பவுடரிலிருந்து எழும் கரியமில வாயுவும், பாலிலிருந்து எழும் நீராவியும் காரணம். அது பொன்னிறமாகாததற்கும் காரணம் உண்டு. அடுப்பினுள் காற்று சூடாவதில்லை. ஈரமுள்ள மேற்பரப்பு நூறு பாகையைத் தாண்டுவதில்லை. பொன்னிறத்திற்கும் மொறுமொறுப்பிற்கும் அதனினும் மிக்க சூடு வேண்டும். தீபாவளிக்குக் கரியடுப்பில், மூடியின் மேலும் தணலிட்டு நம் அன்னையர் சுட்ட அணிச்சலின் மேல்தோல் மணத்தை இக்குவளையில் தேடுவோர் ஏமாறுவர். கொக்கோவின் கருநிறம் அக்குறையை மறைத்துவிடுகிறது. மின்செலவில் மட்டும் இது வெல்லும். 1,500 வாட் மின்சாரத்தை 80 வினாடி இழுத்தால் 0.033 யூனிட்; பெரிய மின்னடுப்பை முக்கால் மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட்டை நெருங்கும்.

இனி, தனித்திருக்கும் பிள்ளைகள் அறிய வேண்டியவை. கீறலற்ற வழவழப்பான குவளையில் வெறும் நீரை மட்டும் நெடுநேரம் வைத்தால், அது நூறு பாகையைக் கடந்தும் கொதிக்காமல் அமைதியாக நிற்கக்கூடும். குமிழி தோன்றுவதற்கு அதில் பற்றுக்கோடு இல்லை. அதில் கரண்டியையோ மைலோத் தூளையோ இட்டவுடன், தேங்கியிருந்த சூடு முழுதும் ஒரே கணத்தில் கொதித்துப் பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். நம் மாணவருக்கு நேர்ந்தது இதுவே; அவர் துடுக்குத்தனம் செய்யவில்லை. நீரை வைக்குமுன் ஒரு மரக்குச்சியை அதில் இட்டு வைத்தால் இவ்வாபத்து பெரிதும் குறையும். ஒரு நிமிடம் பொறுத்து எடுப்பதும் நன்று. ஓட்டோடு முட்டையை வைத்தல் கூடாது, அது வெடிக்கும். உலோகக் கரண்டியை உள்ளே விட்டுவிடுதல் கூடாது. நெகிழிக் கிண்ணத்தில் அடுப்புக்கு உகந்தது என்ற குறி இருந்தாலன்றி அதைப் பயன்படுத்த வேண்டா. குவளையின் பிடி சுடாதிருக்கலாம், அடிப்பகுதி சுடும், துணி கொண்டே எடுக்க வேண்டும். உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறவாது, சுவரிலுள்ள மின்விசையை அணைத்துவிட்டு அண்டை வீட்டாரை அழைக்க. கை சுட்டால் 20 நிமிடம் குழாய்நீரில் காட்டுக. பற்பசை, கிச்சாப்பு, எண்ணெய் எதையும் பூசலாகாது. நம் மாணவரின் கையில் அன்று பூசப்பட்டிருந்த பற்பசையைக் கழுவி எடுக்கவே மருத்துவமனையில் வெகுநேரம் ஆயிற்று.

இன்னும் ஒன்று. மூன்று மேசைக்கரண்டி சீனி ஏறத்தாழ 36 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த அளவின்படி, வளர்ந்தவர் ஒருவர்க்கே நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? ஆதலின், ஒருவருக்கென்று எழுதப்பட்ட இக்குவளையில் நம் பள்ளியில் இரண்டு கரண்டிகளைப் போட்டோம். தம்பியோ தங்கையோ இல்லாதவர், வேலை முடிந்து வரும் அன்னைக்குப் பாதியை எடுத்து வைக்க எண்ணலாம். அதற்கு இவ்வணிச்சல் உதவாது. ஈரம் விரைந்து வெளியேறிவிட்டமையால் அரைமணி நேரத்தில் இறுகிப்போகும். அன்னைக்கு வேண்டுமாயின், உலர்ந்த பொருள்களை மட்டும் இன்னொரு குவளையில் கலந்து மூடி வைத்துவிட்டு, அவர் வந்தபின் பாலும் எண்ணெயும் ஊற்றிச் செய்க. உண்ட குவளையை உடனே நீரில் ஊறவிடுக; காய்ந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.