ஒழிக்கப்பட்ட பின்னரும் டெட்டனஸ் தடுப்பூசி தொடர்வது ஏன்?

தாய்மார்களையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் டெட்டனஸ் (ரண ஜன்னி) இந்தியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2015-ஆம் ஆண்டு உறுதி செய்யப்பட்டது. எனினும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பூசி தொடர்ந்து செலுத்தப்பட்டு வருகிறது.

'ஒழிப்பு' என்பதற்கு நோய் அறவே இல்லை என்பது பொருளன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே பாதிப்பு இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள அளவுகோலாகும்.

டெட்டனஸை உண்டாக்கும் 'கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி' பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். காயத்தின் வழியாகவோ, தூய்மையற்ற கருவியால் அறுக்கப்பட்ட தொப்புள்கொடியின் வழியாகவோ உடலுக்குள் நுழையும் இவை, காற்று புகாத திசுக்களில் பெருகி நச்சை வெளியிடுகின்றன. அந்த நச்சு நரம்புகள் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் செய்யும் சமிக்ஞைகளைத் தடுத்துவிடுகிறது. இதனால் தாடை இறுகி, உடல் விறைத்து, மூச்சுத்திணறல் ஏற்படுகிறது.

நரம்புக்குள் புகுந்துவிட்ட நச்சை எதிர்நச்சு மருந்தால் முறிக்க இயலாது; வெளியே எஞ்சியிருப்பதை மட்டுமே அது செயலிழக்கச் செய்யும். எனவே, முன்கூட்டியே தடுப்பூசி செலுத்திக்கொள்வதே உரிய பாதுகாப்பாகும்.

1920-களில் பிரான்ஸ் விஞ்ஞானி காஸ்டன் ரமோன், பாக்டீரியா நச்சை ஃபார்மால்டிஹைடு மற்றும் வெப்பத்தின் துணையுடன் தீங்கற்றதாக மாற்றும் முறையைக் கண்டறிந்தார். 'டாக்ஸாய்டு' எனப்படும் இப்பொருளே இத்தடுப்பூசியின் அடிப்படை. இது கிருமியை அல்ல, அதன் நச்சை எதிர்க்கவே உடலைப் பழக்குகிறது.

நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் தடுப்பூசி அவசியமாகிறது. உயிரைப் பறிக்கப் போதுமான நச்சின் அளவு, எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாத அளவுக்கு மிகச் சிறியது என்பதே இதற்குக் காரணம். மேலும், இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆகவே, சுற்றியுள்ள அனைவரும் தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்தாலும், செலுத்திக்கொள்ளாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்காது.

தேசிய தடுப்பூசி அட்டவணைப்படி, குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியாகவும், அதன்பின் ஊக்கத் தவணைகளாகவும் இது அளிக்கப்படுகிறது. 10, 16 வயதினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் டெட்டனஸுடன் தொண்டை அடைப்பான் நோயையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி செலுத்தப்படுகிறது. கர்ப்பிணியின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைந்து, பிறந்த முதல் சில வாரங்களில் அதனைக் காக்கின்றன.