சைக்கிள் முடிஞ்ச தொட்டியில் யாரை, எப்போது விடுவது?

5 வாரமாக எங்கள் ஹாலில் மீனே இல்லாத ஒரு தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. 40 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள 2 பிவிசி குழாய்த் துண்டுகள். மணல் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கப்பா?" என்று கேட்டார்கள். அது குவாரன்டைன் தொட்டி. புது மீன்களைப் பெரிய தொட்டியில் சேர்க்கும் முன் 4 வாரம் தனியாக வைத்துப் பார்ப்பதற்கு.

சைக்கிள் முடிந்தது என்றால் என்ன? மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். 1998-ல் டிமோத்தி ஹோவனெக்கும் சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். இரண்டு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைராக்கள் இருப்பது 2015-ல் தெரியவந்தது. நமக்கு வேண்டிய சோதனை எளிது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகிவிட்டால் தொட்டி தயார்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். என் தொட்டி ஒரு நாளில் 80 மில்லிகிராம் அம்மோனியாவைக் கையாளும். 45 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 1 கிராம் போட்டால், மீன் வழியாக ஏறக்குறைய 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். ஆக, தினம் ஏறக்குறைய 2 கிராம் தீவனத்தை என் ஃபில்டர் தாங்கும். 10 நியான் டெட்ராக்களுக்குக் கால் கிராம்கூட வேண்டாம்.

அதனால் பெரிய தொட்டிக்குச் சொல்லும் "கொஞ்சம் கொஞ்சமா விடு" என்ற அறிவுரை இங்கே தேவையில்லை. வாங்க நினைத்த மீன்களை முதல் நாளே மொத்தமாக விட்டுவிடலாம். காத்திருந்தால் நஷ்டமும் உண்டு. பாக்டீரியா கூட்டம் வரும்படிக்கு ஏற்ப மெல்லச் சுருங்கும். மீன் வரும் நாள் வரை தொட்டிக்குத் தவறாமல் அம்மோனியா கொடுத்துவர வேண்டும். முந்தின நாள் நிறைய தண்ணீர் மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கி மறக்கக் கூடாது.

மீன்களைக் கொளத்தூரில் வாங்கினேன். கவரில் இருக்கும் நேரத்தில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கும். அம்மோனியாவும் சேரும், ஆனால் பிஹெச் குறைவாக இருக்கும்வரை அதிகம் கடிக்காது. 28 டிகிரியில், பிஹெச் 7-ல் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவம். பிஹெச் 8-ல் அது 6 சதவீதத்தைத் தாண்டும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறத் தொடங்கும். ஆகவே மூடிய கவரை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்தேன். பிறகு திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டேன். கவர் தண்ணீர் சிங்க்கில் போயிற்று.

14 நாள் எல்லாம் சுத்தம். அங்கேதான் தப்புப் பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை 4 கோரிடோராஸ் கண்ணில் பட்டன. தீவனக் கணக்கு மனதில் ஓடியது, தொட்டி தாராளமாகத் தாங்கும். வாங்கி விட்டுவிட்டேன். அம்மோனியா ஏறவேயில்லை, கணக்கு சரிதான். ஆனால் 3-ஆம் நாள் நியான்களின் துடுப்பில் வெள்ளைப்புள்ளிகள்.

இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் வளர்ந்து, உதிர்ந்து, தொட்டி அடியில் பெருகி, மறுபடி நீந்தி வந்து மீனைப் பிடிக்கும். நீந்தும் கட்டத்தில் மட்டும்தான் மருந்து அதைக் கொல்லும். அதனால்தான் புள்ளி மறைந்த பிறகும் மருந்தைத் தொடர வேண்டும். பதற்றத்தில் கையில் இருந்த மெத்திலீன் ப்ளூவை ஊற்றினேன். ஸ்பாஞ்ச் நீலமாயிற்று. 2 நாளில் அம்மோனியா ஏறியது, ஏனென்றால் அந்த மருந்து ஃபில்டர் பாக்டீரியாவையும் விடாது. 5 வார உழைப்பு போச்சு. தினம் பாதித் தண்ணீர் மாற்றியும் 6 நியான்கள் செத்தன.

இரண்டு கணக்குகளை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். எத்தனை மீன் என்பது அம்மோனியாக் கணக்கு. எப்போது வரை என்பது நோய்க் கணக்கு. முதல் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இரண்டாவதில் இடம் கிடையாது. ஒரே ஒரு புது மீன் உள்ளே வந்தாலும் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் முதல் நாள். ஒரே நாளில் உள்ளே, ஒரே நாளில் வெளியே.

பெரிய தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஒரு 6 வயது ஏஞ்சல் இருக்கிறது. அது பிழைத்ததற்குக் காரணம் அந்த மீன் இல்லாத தொட்டிதான். இப்போது ஸ்பாஞ்சைத் தூக்கிப்போட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, முதலிலிருந்து அம்மோனியா போட ஆரம்பித்திருக்கிறேன். பிழைத்த 8 மீன்களும் ஒரு வாளியில், காற்றுக் குழாயோடு, தங்கள் 4 வாரத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றன.