கடலோரப் பங்குகள் – 7: பட்டங்கட்டிகளின் பங்கு

தூத்துக்குடிப் பனிமய மாதா பங்கின் வரலாற்றை எழுதுவோர், 1542-ஆம் ஆண்டு அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததிலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் அவர் வந்துசேர்ந்தபோது அக்கரையின் பரதவர் திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆறு ஆண்டுகளில் அவர்களுக்குத் தமிழில் செபம் கற்றுக்கொடுக்கக் கூடிய குரு எவரும் அவர்களிடையே நிலையாகத் தங்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கில் பங்கு என்பது, ஓர் ஆயரின் ஆட்சிக்குட்பட்ட மறைமாவட்டத்துக்குள் எல்லை வகுக்கப்பட்டு, ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கையாளர் சமூகத்தைக் குறிக்கும். இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் 1536-இல் தூத்துக்குடியில் பங்கு என ஒன்று இருந்ததாகவே சொல்ல இயலாது. அப்படியிருந்தும் அச்சமூகம் கலைந்துபோகவில்லை. அதற்கான காரணத்தைக் கோவாவின் ஆயர் இல்லத்தில் தேடுவதைவிடப் பரதவ ஊர்களின் உள்ளமைப்பில் தேடுவதே பொருத்தமாகும்.

முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்காக மன்னார் வளைகுடாவை ஒட்டிச் செல்லும் கரைக்கு வழங்கிய பெயர். அதில் மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பாறு ஆகிய ஏழும் ஏழு கடல்துறை எனப்பட்டன. கடலடியில் முத்துச்சிப்பிகள் படியும் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். அப்பாரில் சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டும், கடல் அமைதியாக இருக்கும் வசந்தகாலத்தில் சில வாரங்களுக்குக் குளிப்பு நடைபெறும். கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூழ்குவோர் இறங்கியதால், வரியும் உரிமையும் கல் கணக்கிலேயே மதிப்பிடப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் பட்டங்கட்டி என்னும் தலைவர் இருந்து வழக்குத் தீர்த்தார், வரி திரட்டினார், குளிப்புக்கு ஆள் சேர்த்தார். இவர்களுக்கெல்லாம் மேலாகத் தூத்துக்குடியில் வீற்றிருந்தவர் ஜாதித் தலைவமோர் எனவும் பாண்டியபதி எனவும் அழைக்கப்பட்டார். உழைப்பு பரதவருடையதாக இருந்தபோதிலும், குளிப்பின் குத்தகையும் முத்து வாணிகமும் கடல் வணிகத்தில் வலுப்பெற்றிருந்த முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருந்தன என்பதும், 1520-களில் போர்த்துகீசியர் அந்தக் குத்தகைக்குப் போட்டியாக நுழைந்தனர் என்பதும், பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

1530-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் மூண்ட ஒரு கைகலப்பில் பரதவர் ஒருவரின் காது கடுக்கனோடு அறுபட்டதாகவும், அதிலிருந்து இரு தரப்பிலும் கொலைகள் பெருகிப் பரதவர் தலைக்கு ஐந்து பணம் என விலை வைக்கப்பட்டதாகவும் யேசு சபையினரின் பழைய குறிப்புகள் கூறுகின்றன. அவை ஒரு பக்கத்தின் சார்பாக எழுதப்பட்டவை என்பதை மனத்தில் கொண்டு படிக்க வேண்டியவை. எனினும் குத்தகைப் போட்டியே அப்பகையின் வேர் என்பது அவற்றிலிருந்தே புலப்படுகிறது. அச்சமயம் குமரிப் பகுதிக்குக் குதிரை விற்க வந்திருந்த ஜோவான் த குரூஸ் என்பவர், கள்ளிக்கோட்டையிலிருந்து இளமையிலேயே போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டு அங்கே திருமுழுக்கும் வீரப்பட்டமும் பெற்றவர். போர்த்துகீசியரின் துணையை நாடுமாறும், அதற்கு விலையாக அவர்களது சமயத்தை ஏற்குமாறும் பட்டங்கட்டிகளுக்கு அவர் ஆலோசனை கூறினார். முதலில் பதினைந்து பேரும், அவர்களைத் தொடர்ந்து எழுபது பேரும் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். முதலில் சென்றவர்கள் தமக்கு வழிகாட்டியவரின் குரூஸ் என்னும் பெயரையே தம் குடும்பப் பெயராக ஏற்றனர். 1536-இல் கொச்சியின் விகாரியான பேரோ கொன்சால்வஸ், அதாவது ஆயரின் சார்பில் அவ்வூர்க் கோயிலின் பொறுப்பிலிருந்த குரு, போர்த்துகீசியப் படைத்தலைவரோடு தூத்துக்குடிக்கு வந்து கரையோர மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். 20,000 பேர் என்பது பரவலாகக் குறிக்கப்படும் தொகை. அதைத் தலைக்கணக்காகக் கொள்வதைவிட, ஊர் ஊராகப் பட்டங்கட்டியின் முடிவை ஊரே பின்பற்றியது என்பதற்கான அடையாளமாகக் கொள்வதே தகும். 1538-இல் வேதாளையில் போர்த்துகீசியத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ தெ சூசா, முஸ்லிம் வணிகருக்குத் துணைநின்ற கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரியின் கடற்படையை முறியடித்தபின், பட்டங்கட்டிகள் செய்துகொண்ட உடன்பாட்டின் அரசியல் பயன் உறுதியாயிற்று.

கோவாவின் கல்லூரியில் பயின்ற, அக்கரையின் மொழி அறிந்த மூன்று இளைஞர்களோடு சவேரியார் வந்தது இந்தச் சூழலில்தான். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாக அம்மக்கள் இருந்ததை அவருடைய கடிதங்கள் பதிவு செய்கின்றன. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைத் திரட்டிப் பல நாள் உழைத்துச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றைத் தமிழில் அமைத்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கைமணி அடித்தபடி தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். பின்னாளில் தமிழை முறையாகக் கற்ற குருக்கள் அந்த மொழிபெயர்ப்பில் பல பிழைகளைக் கண்டு திருத்தினர் என்பது அவரது பெருமையைக் குறைப்பதில்லை; அவர் கரையில் தங்கியிருந்த காலம் மிகக் குறுகியது, செல்ல வேண்டிய ஊர்களோ பல.

அவர் விட்டுச்சென்றவற்றுள் மிக நீடித்தது கணக்கப்பிள்ளை என்னும் பதவி. ஒவ்வோர் ஊரிலும் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, செபங்களைக் கற்பித்தல், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல், பிறப்பு இறப்புகளைக் குறித்துவைத்தல், மணமக்களுக்கிடையே விலக்கப்பட்ட உறவு உண்டா என விசாரித்தல் ஆகிய பணிகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. இவர்களுக்கான ஊதியத்துக்கு, போர்த்துகல் அரசி கத்தரினாவின் காலணிச் செலவுக்கென முத்துக்குளித்துறையிலிருந்து செல்லவேண்டியிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். முத்தெடுத்தவர்களின் வரி அவர்களுடைய ஊர்க் கணக்கப்பிள்ளைக்கே ஊதியமாகத் திரும்பிய இந்த ஏற்பாடு, அக்காலத்துத் திருச்சபை நிர்வாகத்தில் காணப்படும் நடைமுறை அறிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

போர்த்துகீசியப் பாதுகாப்பு எவ்வளவு உறுதியற்றது என்பதை 1544 காட்டியது. கரையிலிருந்த தளபதி கோஸ்மெ தெ பைவா மக்களைக் காப்பதினும் தன் வாணிகத்திலேயே கருத்தாக இருந்ததைச் சவேரியார் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அவ்வாண்டு விசயநகரச் சார்புடைய வடுகப் படைகள் கரையில் பாய்ந்தபோது தளபதியே தன் மரக்கலத்தையும் வீட்டையும் இழந்து தீவுக்கு ஓட நேர்ந்தது; தூத்துக்குடி மக்கள் எதிரேயுள்ள தீவுகளில் ஒதுங்கி நீரும் உணவுமின்றித் தவித்தனர். செப்டம்பரில் சவேரியார் தம் துணைவர் பிரான்சிஸ்கோ மான்சிலியாசுக்கு எழுதிய கடிதத்தில், புன்னைக்காயலிலிருந்தும் கொம்புத்துறையிலிருந்தும் தோணிகளில் தண்ணீரும் அரிசியும் கொண்டு செல்லுமாறு பணித்ததோடு, தோணிகள் தருமாறு அவ்வூர்ப் பட்டங்கட்டிகளுக்கும் தனியே எழுதினார். பாதுகாப்புக்கென வந்த தளபதியால் ஆகாத காரியத்துக்குப் பட்டங்கட்டிகளின் தோணிகளே நம்பப்பட்டன.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குக் கரையின் சமய மையம் புன்னைக்காயலாக இருந்ததால், தூத்துக்குடியின் கதை சற்றுப் பின்னுக்குச் செல்கிறது. 1549-இல் கரையின் யேசு சபைக் குருக்களுக்குத் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் பொறுப்பேற்ற அன்றிக்கு அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ், தமிழை இலக்கண அறிவோடு கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர். அவர் தமிழில் பெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579-இல் கொச்சியிலும் அச்சேறின. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசும் நூல்கள் அடிகளாரின் பெயரை மறவாமல் சொல்வதுபோல், செலவைத் தாங்கிய இந்தக் கடற்றொழிலாளரையும் சொல்லியிருக்கலாம்.

1580-ஐ ஒட்டிப் போர்த்துகீசியத் தளபதியின் இருப்பிடமும் யேசு சபையின் தலைமையகமும் தூத்துக்குடிக்கு மாறின. அங்கு இராயப்பர் பெயரால் ஒரு பழைய கோயில் இருந்தது; யேசு சபையினர் எழுப்பிய புதிய கோயில் இரக்கத்தின் மாதாவின் பெயரில் அமைந்து, 1582 ஆகஸ்ட் 5 அன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 5 பனிமய மாதாவின் திருநாள். நான்காம் நூற்றாண்டில் கோடைகாலத்தின் நடுவே உரோமை நகரின் எஸ்குலின் குன்றில் பனி பெய்து, கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியது என்னும் மரபையொட்டி ஏற்பட்ட விழா அது. திறப்பு நாளின் பெயரே நாளடைவில் கோயிலின் பெயரை மறைத்து நிலைத்தது. தூத்துக்குடி மக்கள் இன்றும் போர்த்துகீசியச் சொல்லை விடாமல் தஸ்நேவிஸ் மாதா என அழைக்கின்றனர். கோயிலின் மரச்சிலை, சாந்தா எலேனா என்னும் கப்பலில் 1555-இல் மணிலாவிலிருந்து வந்தது என்பது பங்கின் மரபு. ஸ்பானியர் மணிலாவைத் தம் தலைநகராக்கியது 1571-இல்தான் என்பதால், இம்மரபில் ஆண்டோ புறப்பட்ட ஊரோ பிற்காலத்தில் மாறிச் சேர்ந்திருக்க வேண்டும் எனக் கொள்வதே முறை. 1600-இல் புன்னைக்காயலில் மறைந்த அன்றிக்கு அடிகளாரின் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது, மையம் இடம் மாறிவிட்டதற்கு அக்காலத்தவர் அளித்த ஒப்புதலாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகள் பூசல் நிறைந்தவை. கயத்தாற்றை மையமாகக் கொண்டிருந்த நாயக்கர் அதிகாரிகளின் வரிக் கெடுபிடியாலும் தாக்குதலாலும் பரதவரும் குருக்களும் எதிரேயுள்ள தீவுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர். இதனோடு, பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த கொச்சி ஆயர் அந்திரேயா தெ சாந்தா மரியாவுக்கும் யேசு சபையினருக்கும் கரையின் கோயில்கள் யார் பொறுப்பு என்பதில் பிணக்கு முற்றி, யேசு சபையினர் வெளியேற்றப்பட்டு 1621-இல்தான் திரும்ப முடிந்தது. ஆயர்களை முன்மொழிவதும் கோயில்களைப் பராமரிப்பதும் போர்த்துகல் மன்னரின் உரிமையும் கடமையுமாக இருந்த பதுருவாதோ என்னும் ஏற்பாட்டில், ஆயருக்கும் துறவற சபைக்கும் இடையே எல்லை தெளிவாக வகுக்கப்படாததே இதற்குக் காரணம். இவ்வழக்கில் பரதவர் வெறும் பார்வையாளராக நிற்காமல் அணி சேர்ந்து நின்றனர் என்பது கருதத்தக்கது.

1658-இல் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியைக் கைப்பற்றியதோடு பங்கின் மெய்யான சோதனை தொடங்கிற்று. டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையினர். திருவுருவ வணக்கத்தையும் உரோமையின் தலைமையையும் ஏற்காதவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் பறிக்கப்பட்டன. படையோடு வந்த போதகர் பிலிப் பால்டேயுஸ், பரதவர் உரோமைச் சமயத்தை விடாப்பிடியாகப் பற்றியிருந்ததைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மாதாவின் சிலை டச்சுக்காரர் கைக்கு எட்டாதபடி உள்நாட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இங்குக் கவனிக்க வேண்டிய நில அமைப்பு ஒன்று உண்டு. கம்பெனியின் அதிகாரம் துறைமுகத்தைத் தாண்டி நெடுந்தொலைவு செல்லவில்லை. ஊருக்கு வெளியே மதுரை நாயக்கரின் ஆட்சி. ஆகவே குருக்கள் நகருக்குப் புறத்தே மண்சுவரும் ஓலைக்கூரையுமாகக் கோயில் அமைத்துத் தங்க, மக்கள் ஞாயிறுதோறும் அங்கு நடந்து சென்றனர். குளிப்புக்கும் சங்கெடுப்புக்கும் பரதவரை விட்டால் வேறு ஆளில்லாத கம்பெனி, அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தது.

1700-ஆம் ஆண்டில் பிரெஞ்சு யேசு சபையாளர் பியேர் மார்ட்டின் எழுதிய கடிதம் இந்நிலையை விளக்குவதோடு, பரதவரிடையே வழங்கிய செய்தி ஒன்றையும் தருகிறது. பரதவரை மனம் மாற்ற வந்த டச்சுப் போதகரிடம் அவர்களின் தலைவர், சவேரியார் இக்கரையில் இறந்தோர் சிலரை எழுப்பினார் என்றும், அவருடைய போதனையை விட்டுவிடச் சொல்பவர் அதைவிட மிகுதியாக ஒரு பன்னிரண்டு பேரையாவது எழுப்பிக் காட்டட்டும் என்றும் கூறினாராம். மறுமொழியில் எள்ளல் தொனித்தாலும், பேசியவர் குரு அல்லர், ஜாதித் தலைவர் என்பதே கருதத்தக்கது. கம்பெனியால் அவரை அலட்சியப்படுத்த இயலவில்லை. குளிப்பில் அவருக்கென வரியில்லாக் கற்களை ஒதுக்கி, அவர் வழியாகவே அது மக்களோடு பேசியது. இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊருக்குள் பங்குக் கோயில் இன்றியே பங்கு இயங்கிவந்தது. திருநாள், திருமணம், அடக்கம், ஊர்க்கட்டுப்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஜாதித் தலைவமோரும் பட்டங்கட்டிகளும் கணக்கப்பிள்ளைகளும் போதுமானவர்களாக இருந்தனர்.

பங்கின் மரபுப்படி சிலை 1699-இல் ஊருக்குத் திரும்பியது. 1707 ஏப்ரல் 4 அன்று விஜிலியுஸ் மான்சி என்னும் குருவின் காலடியில் இடி விழுந்தும் அவர் உயிர் தப்பியதை மாதாவின் அருளாகக் கொண்டு புதிய கோயில் திட்டமிடப்பட்டது. 1712-இல் தொடங்கிய கட்டடம் 1713 ஏப்ரல் 4 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. இன்றைய பேராலயத்தின் தொடக்கம் அதுவே. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகத்தில், அக்கம்பெனியின் கண்ணெதிரே, கத்தோலிக்கக் கோயில் ஒன்று கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்ததற்கு முத்தின் கணக்கைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. டச்சுக்காரர் தமக்கென இவ்வூரில் கட்டிய தேவாலயம் 1750-இல், அதாவது முப்பத்தேழு ஆண்டுகள் கழித்தே, எழுந்தது.

யேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின் கோவாக் குருக்களுக்கும் ஜாதித் தலைவமோருக்கும் இடையே நேர்ந்த உரிமைப் பிணக்குகளையும், 1806-இல் ஓடத் தொடங்கிய தங்கத் தேரையும் அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)